காய்ச்சல் விடும் நாள்: டெங்குவும் ஹோமியோபதியும்

டெங்குவில் உடல்வெப்பம் இறங்கும் நாளே அஞ்சவேண்டிய நாள். மற்றப் பல காய்ச்சல்களிலிருந்து இந்நோயைப் பிரித்துக் காட்டும் இயல்பு இதுதான். கொசு கடித்த 4 முதல் 10 நாள்களுக்குள் கடுங்காய்ச்சல் தொடங்குகிறது. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி, எலும்பை முறிப்பது போன்ற உடல்வலி ஆகியவற்றுடன் 2 முதல் 7 நாள்கள் அது நீடிக்கிறது. பின்னர் வெப்பம் 38 பாகை செல்சியஸுக்குக் கீழே வருகிறது. பெரும்பாலோருக்கு நோய் அத்துடன் முடிந்துவிடுகிறது. சிலருக்கோ அதே வேளையில் நுண்குருதிக் குழாய்களின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. குருதியின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா வெளியேறி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது; குழாய்க்குள் எஞ்சிய குருதி தடிக்கிறது; நாடி மெலிகிறது; கைகால்கள் சில்லிடுகின்றன. இக்கசிவு 24 முதல் 48 மணிநேரம் நீடித்துத் தானாகவே நின்றுவிடும். அந்த இரண்டு நாள்களை எப்படிக் கடப்பது என்பதுதான் டெங்கு மருத்துவத்தின் சாரம்.

மருத்துவ மாணவர்கள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். வீடுகளில் வழங்கும் அறிவு இதற்கு நேர்மாறானது. ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்பதற்கு எந்த இந்திய மொழியிலும் ‘பிழைத்துவிட்டார்’ என்பதே பொருள். கஞ்சியை நிறுத்திச் சோறு கொடுக்கும் நாளும், இரவெல்லாம் விழித்திருந்த தாய் கண்ணயரும் நாளும் அதுதான். டெங்குவில் ஹோமியோபதியின் இடத்தைப் பற்றி எழும் விவாதங்கள் பெரும்பாலும் இந்த ஒரு நாளை மறந்துவிட்டே நடக்கின்றன. ‘அது அறிவியலே அன்று’ என்பது ஒரு தரப்பு. ‘எங்கள் வீட்டில் குணமானதே’ என்பது மறுதரப்பு. மூன்றாம் நாள் கொடுக்கப்பட்ட எந்தப் பொருளும், அது சர்க்கரையானாலும் பச்சைத் தண்ணீரானாலும், ஐந்தாம் நாள் காய்ச்சலை இறக்கியதாகவே தோன்றும் என்பதை இரு தரப்பும் நின்று பார்ப்பதில்லை.

இதைப் பார்ப்பதற்குக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. துர்கா பூசைக்கு முந்திய மழைவாரங்களில் தொடங்கிக் காளி பூசை கடந்தும் அந்நகரின் டெங்குப் பருவம் நீள்கிறது. பந்தல் மூங்கில்களின் துளைகள், கட்டி முடிக்கப்படாத அடுக்ககங்களின் நீர்த்தொட்டிகள், மொட்டைமாடியில் கைவிடப்பட்ட பூந்தொட்டிகள் என எங்கும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. 1963-64 ஆம் ஆண்டுகளில் குருதிக்கசிவோடு கூடிய கடுமையான டெங்கு இந்நாட்டில் பெருந்தொற்றாக முதலில் பதிவானது இந்நகரில்தான். ஹோமியோபதியும் இங்கே வேர்விட்ட மருத்துவம். வித்யாசாகரும் ரவீந்திரநாத் தாகூரும் தம் சுற்றத்தாருக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்தவர்கள். 1881 இல் தொடங்கிய கல்கத்தா ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியும், 1975 இல் நிறுவப்பட்ட தேசிய ஹோமியோபதி நிறுவனமும் இங்கேதான் உள்ளன. வடகொல்கத்தாவின் சந்துகளில் மரப்பேழையும் சிறு கண்ணாடிக் குப்பிகளும் கொண்ட மருத்துவரின் அறை, தேநீர்க் கடையைப்போல அந்தத் தெருவின் இயல்பான உறுப்பு.

இம்மரபை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட இயலாமைக்கு மகேந்திரலால் சர்க்கார் ஒருவரே போதும். 1863 இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்ற அவர், ஹோமியோபதியைக் கடுமையாக எதிர்த்தவர். ஒரு ஹோமியோபதி நூலை மறுத்து எழுத முற்பட்டு, எழுதுமுன் அம்மருத்துவத்தை நேரில் கண்டறிய விரும்பி, ராஜேந்திரலால் தத்தரின் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார். முடிவில் 1867 இல், தாம் சார்ந்திருந்த மருத்துவச் சங்கத்தின் கூட்டத்திலேயே தம் மனமாற்றத்தை அறிவித்து, சக மருத்துவர்களால் ஒதுக்கப்பட்டார். 1876 இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவரும் அவரே. பின்னாளில் சி.வி. இராமன் 1928 ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பை நிகழ்த்தியது அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான். இந்தியர் நடத்தும் முதல் பெரும் அறிவியல் நிறுவனத்தை உருவாக்கியவர் ஹோமியோபதி மருத்துவராக இருந்தார் என்பதில் முரண் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கண்ணால் கண்டதை நம்பு என்பதே அன்றைய அறிவியலின் அறைகூவல். அவர் கண்டார்; நம்பினார். நோயின் இயற்கைப் போக்கை மருந்தின் செயலிலிருந்து பிரித்தறியக் கண் மட்டும் போதாது என்பதும், அதற்கு ஒப்பீட்டுக் குழுவும் சமவாய்ப்பும் வேண்டும் என்பதும் மருத்துவத்தில் நிலைபெற மேலும் 80 ஆண்டுகள் ஆயின.

டெங்குவுக்கும் ஹோமியோபதிக்கும் உள்ள உறவு ஒரு பெயர்ப் பொருத்தத்தில் தொடங்குகிறது. 1780 இல் ஃபிலடெல்ஃபியாவில் பரவிய காய்ச்சலை விவரித்த பெஞ்சமின் ரஷ், மக்கள் அதை ‘எலும்பு முறிக்கும் காய்ச்சல்’ என்று அழைத்ததைப் பதிவுசெய்தார். வட அமெரிக்காவின் ஈரநிலங்களில் வளரும் யூபடோரியம் பெர்ஃபோலியாட்டம் என்னும் செடிக்கு அந்நாட்டு வழக்கில் ‘எலும்பு பொருத்தி’ என்னும் பொருள்படும் பெயர் உண்டு. அதன் கசப்பான கஷாயத்தைக் காய்ச்சலுக்குக் குடித்தனர். ஹானிமன் 1790 இல் சிங்கோனாப் பட்டையைத் தாமே உட்கொண்டு, முறைக்காய்ச்சலின் குறிகள் தம் உடலில் தோன்றுவதாகக் கண்டு, ‘ஒத்ததை ஒத்ததே குணப்படுத்தும்’ என்னும் விதியை வகுத்தார். அவ்விதியைப் பின்பற்றியவர்கள், எலும்புவலியோடு வரும் காய்ச்சலுக்கு யூபடோரியத்தைத் தேர்ந்தார்கள். ஒரு பெருந்தொற்றின் பொதுக்குறிகளுக்குப் பொருந்தும் ஒரே மருந்தைத் தேர்ந்து அனைவருக்கும் வழங்கலாம் என்னும் கொள்கையும் ஹோமியோபதியில் உண்டு. டெங்குப் பருவத்தில் இந்திய நகரங்களின் முகாம்களில் வழங்கப்படும் மருந்துகளில் யூபடோரியம் முதலிடம் பெற்றதற்குக் காரணம் இதுவே.

வழங்கப்படுவது செடியின் கஷாயம் அன்று; அதன் முப்பதாம் வீரியம். நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தால் கிடைப்பது 1-க்குப் பின் 60 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்கு. அவகாத்ரோ எண் 24 இலக்கங்களிலேயே முடிந்துவிடுவதால், பன்னிரண்டாம் வீரியத்தைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வாய்ப்புக் குறைவு. வேதியியல் படித்தோருக்கு வழக்கு இத்துடன் முடிகிறது. ஆனால் இந்த வாதத்தால் மனம் மாறிய நோயாளி எவரும் இல்லை. ‘மூலக்கூறு இருக்கிறதோ இல்லையோ, காய்ச்சல் விட்டதே’ என்பது அவர் மறுமொழி. ஆகவே அவர் கேட்பதையே கேட்டுப் பார்ப்பது முறை: உண்மையில் விட்டதா? மருந்தால் விட்டதா?

சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஹொண்டுராஸில் நடந்து, 2007 இல் ஹோமியோபதித் துறையின் ஆய்விதழிலேயே வெளியான ஒரு முன்னோடி ஆய்வு, 60 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு ஹோமியோபதிக் கூட்டுமருந்து. மற்றதற்கு அதே தோற்றமுடைய வெற்று மருந்து. காய்ச்சல் நாள்கள், வலி, வலிநிவாரணிப் பயன்பாடு, சிக்கல்கள் ஆகிய எதிலும் வேறுபாடு காணப்படவில்லை. அறுபதின்மரில் மூவருக்கு மட்டுமே டெங்கு என்று ஆய்வகம் உறுதிசெய்தது. ஆய்வாளர்கள் ஹோமியோபதியில் ஈடுபாடு உடையவர்கள். கிடைத்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மை குறிப்பிடத்தக்கது.

பிரேசிலின் சாவ் ஜோசே தோ ரியோ பிரேத்து நகரில் 2001 மே மாதம், டெங்கு மிகுந்திருந்த ஒரு பகுதியின் 40 விழுக்காட்டு மக்களுக்கு யூபடோரியம் முப்பது ஒரே வேளை கொடுக்கப்பட்டது. அப்பகுதியில் நோய் 81.5 விழுக்காடு குறைந்ததாக 2008 இல் வெளியான கட்டுரை கூறுகிறது. எண் மலைக்க வைக்கிறது. ஆனால் தென்கிழக்குப் பிரேசிலில் மே என்பது மழைப்பருவம் முடிந்து டெங்கு தானே தணியத் தொடங்கும் மாதம். எந்தப் பகுதியில் நோய் மிக உச்சத்தில் இருந்ததோ அதைத் தேர்ந்து மருந்து கொடுத்தால், அடுத்த அளவீட்டில் அது இறங்கியே இருக்கும். அளவீடுகள் உச்சத்திலிருந்து சராசரியை நோக்கித் திரும்பும் என்பது புள்ளியியலின் பழைய பாடம்.

தில்லியின் 2015 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது ஒரு பெருமருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் பதிவேடுகளைப் பின்னோக்கி ஆராய்ந்த கட்டுரை 2019 இல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஹோமியோபதியும் பெற்றவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் விரைவில் ஏறியதாக அது தெரிவித்தது. இரு குழுக்களுமே வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையைப் பெற்றன என்பதை முதலில் கருத வேண்டும். சமவாய்ப்பு இல்லை, வெற்று மருந்தும் இல்லை. தட்டணுக்கள் எந்த நாளில் அடிமட்டத்தைத் தொடுகின்றன என்பது நோயின் எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தது. ஒரு குழுவினர் சராசரியாக ஒரு நாள் பிந்தி வந்து சேர்ந்திருந்தாலே, அவர்களுடைய தட்டணுக்கள் ‘விரைவாக’ ஏறியதுபோலத் தோன்றும். இத்தகைய ஆய்வு ஒரு கேள்வியை எழுப்பலாம். விடையளிக்க அதனால் இயலாது.

‘இருநூறு டெங்கு நோயாளிகளைப் பார்த்தேன், ஒருவர்கூட இறக்கவில்லை’ என்று ஓர் அனுபவமுள்ள ஹோமியோபதி மருத்துவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 200 பேரில் எவரும் இறக்கவில்லை என்னும் தரவு, உண்மையான இறப்பு விகிதம் 1.5 விழுக்காடு வரை இருப்பதோடு முரண்படாது. எதுவும் நிகழாத 𝑛 பேரின் பட்டியலில் மேல்வரம்பு ஏறத்தாழ 3-ஐ 𝑛-ஆல் வகுத்த எண் என்பது புள்ளியியல் மாணவர் அறிந்த எளிய விதி. டெங்குத் தொற்றுக்கு ஆளானவர்களுள் பெரும்பாலோர்க்கு நோய்க்குறியே தோன்றுவதில்லை. 2013 இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 39 கோடித் தொற்றுகளில் ஏறத்தாழ 9.6 கோடி மட்டுமே நோயாக வெளிப்படுகின்றன. அவர்களிலும் மிகச் சிலரே கசிவுநிலையை அடைகிறார்கள். 1 விழுக்காட்டு இறப்பை ஒரு மருந்து பாதியாகக் குறைக்கிறது என்று நிறுவ வேண்டுமானால், வழக்கமான நிபந்தனைகளின்படி ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 4,700 பேர் வேண்டும். அறுபது பேரைக் கொண்டோ, இருநூறு பேரின் நினைவைக் கொண்டோ அதை அறிய வழியில்லை.

அனுபவம் இன்னொரு வகையிலும் ஏமாற்றுகிறது. டெங்கு நச்சுயிரியில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை தாக்கியபின் அவ்வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கிறது. மற்ற மூன்றுக்கும் எதிராகக் கிடைப்பதில்லை. மேலும், முதல் தொற்றில் உருவான எதிர்ப்பொருள்களே இரண்டாம் தொற்றில் வேறொரு வகை நச்சுயிரி உயிரணுக்களுக்குள் நுழைய உதவக்கூடும் என்பதால், இரண்டாம் தொற்று பெரும்பாலும் கூடுதல் ஆபத்தானது. ‘சென்ற முறை இதே மருந்தில்தான் குணமானது’ என்று ஒரு குடும்பம் சொல்கிறபோது, அந்தச் சென்ற முறையே இம்முறையின் ஆபத்தைக் கூட்டியிருக்கலாம். அனுபவத்தை நம்பியவர் தவறான நேரத்தில் துணிவு பெறுகிறார்.

வடகொல்கத்தாவின் ஒரு சந்தில், பூசை முடிந்த வாரத்தில் நடந்தது இது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் என்.எஸ்.1 சோதனையில் டெங்கு என்று தெரிந்தது. மருத்துவமனையில் படுக்கை கிடைக்காது, கிடைத்தாலும் செலவு தாங்காது என்றெண்ணிய தாய், தெருமுனையில் நாற்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் ஹோமியோபதி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். தாய் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவர். ஆகவே முதியவருக்கு அவர் இன்றும் ‘பௌமா’தான். மருத்துவர் முக்கால் மணிநேரம் கேள்வி கேட்டார். தாகம் எப்படி, எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது, எதைக் கண்டால் குமட்டுகிறது என்று விசாரித்தார். யூபடோரியம் கொடுத்தார். ஆஸ்பிரினும் புரூஃபெனும் கூடாது என்றார். இளநீரும் பருப்புத் தண்ணீரும் மணிக்கொரு முறை கொடுக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. தாய் ஒரு பொட்டலம் சந்தேஷ் வாங்கிக்கொண்டு போய் வணங்கினார்.

ஆறாம் நாள் காலை பெண் எழுந்திருக்கவில்லை. வயிறு வலிக்கிறது என்றாள். மூன்று முறை வாந்தி. இரவு முதல் சிறுநீர் கழிக்கவில்லை. காய்ச்சல் இல்லையாதலால் பலவீனம் என்றே வீட்டார் கருதினார்கள். மருத்துவர் தாமாகவே பார்க்க வந்தார். கையைத் தொட்டார், இரத்த அழுத்தம் பார்த்தார். 100/80. ‘நல்லதுதானே?’ என்றார் தாய். மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் இடைவெளி 20 தான் என்பதை முதியவர் கவனித்தார். டெங்குவில் அந்த இடைவெளி 20-க்கு இறங்குவது, சுற்றோட்டம் குலையத் தொடங்கியதன் அடையாளம். அவருக்கு அதைக் கற்பித்தது ஹானிமனின் நூலன்று. கல்லூரியில் படித்த உடலியங்கியல்.

“பௌமா, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோ.”

“ஏன் டாக்டர்பாபு? உங்கள் மருந்தில் ஜுரம் விட்டுவிட்டதே. இன்னொரு வேளை உருண்டை கொடுங்கள், பலவீனமும் போய்விடும்.”

முதியவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று சொன்னால் நாற்பது ஆண்டு நம்பிக்கை குலையும். வேலை செய்தது என்றால் மருத்துவமனைக்குப் போகக் காரணமில்லை. தாயின் வாதத்தில் பிழையே இல்லை. அவர் கற்பித்த தர்க்கத்தைத்தான் அவரிடமே திருப்பிச் சொல்கிறார்.

“ஜுரம் தானாகவே விட்டது, பௌமா. இந்த நோயில் அது அப்படித்தான் விடும். என் மருந்தால் இல்லை. வண்டி கூப்பிடு.”

அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் உப்புநீர் ஏற்றினார்கள். குருதியின் தடிப்பைக் காட்டும் ஹீமாட்டோகிரிட் 36-இலிருந்து 46-க்கு ஏறியிருந்தது, மெல்ல இறங்கியது. பெண் பிழைத்தாள். தட்டணுக்கள் 28,000-இலிருந்து 41,000-ஆக ஏறிய நாளில், தலையணைக்கு அடியில் மறைத்துவைத்து வேளை தவறாமல் கொடுத்துவந்த உருண்டைகளே காரணம் என்று தாய் உறவினரிடம் சொன்னார். முதியவரின் வாக்குமூலம் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. குணமான நோயாளியிடமிருந்து ஒரு மருந்தின் புகழைப் பறிப்பது, மருந்து கொடுத்தவருக்கே இயலாத செயல்.

இந்நிகழ்வில் தாயின் கண் முழுதும் தட்டணுக்களின் மேலேயே இருந்தது. அதற்கு ஹோமியோபதி மட்டும் பொறுப்பன்று. ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்பது டெங்குப் பருவத்தின் தேசியக் கேள்வி. பப்பாளியிலைச் சாறு விற்பவரும் அந்த எண்ணையே கேட்கிறார். குளிர்பதன அறைகளில் அமர்ந்த தனியார் மருத்துவமனைகளும் அந்த எண்ணைக் காட்டியே தட்டணுப் பைகளை ஏற்றுகின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017 இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வு, தட்டணுக்கள் 20,000-க்குக் குறைந்தும் குருதிக்கசிவு இல்லாத வளர்ந்தோர்க்கு முன்காப்பாகத் தட்டணு ஏற்றுவதால் கசிவு தடுக்கப்படவில்லை என்றும், பக்கவிளைவுகள் கூடின என்றும் காட்டியது. உயிரைக் காப்பது, கசிந்த நீரை அளவறிந்து ஈடுசெய்வது. குறைந்தால் சுற்றோட்டம் நிற்கும். மிகுந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே கவனிக்கவேண்டியவை ஹீமாட்டோகிரிட், நாடி, அழுத்தங்களின் இடைவெளி, சிறுநீரின் அளவு. பின்னோக்கிய தில்லி ஆய்வும் தட்டணுக்களையே தன் வெற்றியின் அளவுகோலாகக் கொண்டது என்பது தற்செயல் அன்று. ஏழாம் நாளுக்குப்பின் தாமாகவே ஏறும் எண் அது; யார் அருகில் நின்றாலும் அவருக்குப் புகழ் சேர்க்கும்.

ஹோமியோபதி மருத்துவர் எதையுமே செய்யவில்லை என்று சொல்வதும் உண்மையாகாது. 1854 ஆம் ஆண்டு இலண்டன் காலராவில் ஹோமியோபதி மருத்துவமனையின் இறப்பு விகிதம் ஏறத்தாழ 16 விழுக்காடு. மற்ற மருத்துவமனைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தார்கள். அன்றைய மருத்துவம் வயிற்றுப்போக்கால் வறண்ட உடலிலிருந்து குருதியும் வடித்தது, பேதிக்கும் கொடுத்தது. அதைச் செய்யாமல் இருந்ததே ஹோமியோபதியின் பெரும் பங்களிப்பு. வடகொல்கத்தா முதியவரும் அதுபோலவே நற்செயல் புரிந்தார்: குருதிக்கசிவைத் தூண்டக்கூடிய வலிநிவாரணிகளை விலக்கினார், நீராகாரத்தை வலியுறுத்தினார், முக்கால் மணிநேரம் செவிமடுத்தார். நிகராகுவாவில் நடந்த ஓர் ஆய்வு, தொடக்க நாள்களில் நீராகாரம் மிகுதியாக அருந்தியவர்கள் மருத்துவமனையில் சேர வேண்டிய தேவை குறைந்ததைக் கண்டது. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதும் மருத்துவருக்கு இதையெல்லாம் சொல்ல நேரம் இல்லை. நோயாளிகள் ஹோமியோபதியை நாடுவதை அறியாமை என்று மட்டும் விளக்குவோர் இந்த இரண்டு நிமிடத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

நீரின் மருத்துவம் கொல்கத்தாவுக்கு அயலானதும் அன்று. 1971 இல் வங்கதேச ஏதிலிகள் எல்லை கடந்து பன்காவ் வந்து சேர்ந்தபோது காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், கொல்கத்தாவிலிருந்து சென்ற மருத்துவர் திலீப் மகாலனபிஸ் குழுவினர் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து உறவினர்களைக் கொண்டே குடிக்கக் கொடுக்கச் செய்தார்கள். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாக இறங்கியது. சர்க்கரை அங்கேயும் இருந்தது. ஆனால் குடற்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உட்கவரப்படுகின்றன என்பதை ஆய்வகத்தில் கண்டறிந்து, அதற்கேற்ற அளவில் கலந்த சர்க்கரை அது. செலவு என்று பார்த்தால் இரண்டும் ஏழைக்கு எட்டும் விலைதான். மலிவான, எளிய மருத்துவம் வேண்டுமென்பதற்காக நிரூபணத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அந்த முகாமே சான்று.

முன்காப்பு என்ற பெயரில் அரசே உருண்டைகளை வழங்கும்போது சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. 1999 இல் ஆந்திரத்தில் மூளையழற்சிக்கும், 2020 இல் நாடு முழுவதும் கொரோனாவுக்கும் ஹோமியோபதி மருந்துகள் முன்காப்பாகப் பரிந்துரைக்கப்பட்டன. டெங்குப் பருவத்தில் வார்டு அலுவலக முகாமில் மூன்று நாள் உருண்டையைப் பெற்றுக்கொண்ட குடும்பத்துக்கு, மொட்டைமாடித் தொட்டியைக் கவிழ்க்கும் அவசரம் குறைந்துவிடுகிறது. தாங்கள் காக்கப்பட்டிருப்பதாக நம்புகிறவர்கள் காய்ச்சல் வந்தாலும் அது டெங்குவாக இருக்காது என்றே முதலில் எண்ணுவார்கள். உருண்டையின் வேதியியல் தீங்கற்றது. அது தரும் உறுதி அப்படிப்பட்டதன்று.

ஹோமியோபதியைத் தடை செய்வதோ அதற்கு அறிவியல் முத்திரை குத்துவதோ இந்தப் பருவத்தில் ஓர் உயிரையும் காக்காது. பதிவுபெற்ற ஹோமியோபதி மருத்துவர்கள் உடற்கூறியலும் உடலியங்கியலும் நோயியலும் படித்துத் தேர்ந்தவர்கள். ஏழையின் வீட்டுக்கு முதலில் செல்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. அவர்களிடம் கேட்கத்தக்கவை சில உண்டு. காய்ச்சல் நோயாளி ஒவ்வொருவரின் சீட்டிலும் நோயின் எத்தனையாவது நாள் என்று முதலில் எழுத வேண்டும். காய்ச்சல் விட்ட நாளிலிருந்து இரண்டு நாள்கள் நோயாளியை நேரில் பார்த்து, அழுத்தங்களின் இடைவெளியைக் குறிக்க வேண்டும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மயக்கம் அல்லது அமைதியின்மை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இவை ஒரு தாளின் பாதியில் அடங்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டிய ஒன்றும் உண்டு. முதல் வேளை மருந்தைக் கையில் கொடுக்கும்போதே, ‘இந்தக் காய்ச்சல் நான்கைந்து நாளில் தானாகவே விடும், விட்ட பிறகுதான் கவனம் தேவை’ என்று சொல்லிவிட வேண்டும். ஆறாம் நாள் காலையில், வண்டியைக் கூப்பிடும் அவசரத்தில், சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதைவிட மூன்றாம் நாள் சொல்வது எளிது. மருந்தின் புகழ் சற்றுக் குறையும். அந்தத் தெருவில் யாருக்கு எப்போது மருத்துவமனை தேவை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.